ஓசிக் குரலும் டெலிபோன் நாற்காலியும்

என் கம்ப்யூட்டர் பேசும். நான் இந்த அலுவலகத்துக்கு வந்த புதிதில் பிரிவில் இருந்த ஒவ்வொருவரும் ஒரு தடவை என் பின்னால் வந்து நின்று அது பேசுவதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்டு முடித்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்று. ஓசிதான் என்றேன். உடனே ஓகோ என்று இழுத்துக்கொண்டே நகர்வார்கள். எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. முகம் சுளிப்பதைப் பார்க்க முடியாது என்றாலும் மரியாதை குறைகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கும்.

இத்தனைக்கும் அரசாங்கம் பண்டிகைக்குக் கொடுக்கும் பையில் ஒரு பொட்டலம் குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவர்கள் இவர்கள். ஓசியில் வந்த மிக்சியையோ வேட்டி சேலையையோ யாரும் சந்தேகப்பட்டதாக எனக்கு நினைவில்லை. மென்பொருள் என்றால் மட்டும் ஓசி ஆகாது. சரி, அவர்கள் மெஷினில் இருப்பது என்ன? சர்வீஸ்காரர் ஒருவர் எங்கிருந்தோ எடுத்துவந்து பூட்டை உடைத்துப் போட்டது. இது உண்மையான பிரதி அல்ல என்று தினமும் காலையில் திரையில் ஓர் எச்சரிக்கை வருமாம். தினமும் காலையில் அதை மூடிவிட்டுத்தான் டீக்குப் போவார்கள். திருடிப் போட்டதில் அவர்களுக்கு ஒரு பெருமைகூட உண்டு, அதன் விலை அவ்வளவு அதிகமாம்.

நான் உப்பளம் என்னும் பகுதியில் குடியிருக்கிறேன். ஊருக்குள் ஓர் அரசு அலுவலகத்தில் யு.டி.சி., அதாவது மேல்நிலை எழுத்தர். கோப்புகளைப் படித்து, குறிப்பு எழுதி, மேலே அனுப்புவது என் வேலை. அதைச் செய்ய எனக்குத் துணையாக இருப்பது என்விடிஏ என்னும் கட்டற்ற மென்பொருள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். அதை எழுதத் தொடங்கியவர்களே கண் தெரியாதவர்கள் என்பதால் எங்களுக்கு எது வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கருத்தரங்கம் நடத்திச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் எந்த மெஷினிலும் ஓடும், நிறுவவே தேவையில்லை. நான் அடையாள அட்டை தொங்கும் பட்டையிலேயே பென் டிரைவையும் மாட்டியிருக்கிறேன். சாவிக்கொத்தை மறந்த நாள் உண்டு, இதை மறந்ததில்லை.

அதோடு சேர்ந்து வரும் தமிழ்க் குரல் அழகானது என்று பொய் சொல்ல மாட்டேன். ஜலதோஷம் பிடித்த ஆசாமி தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டாம் நாளே இனிமையான குரல் தேடி அலைவார்கள். அலைய வேண்டாம். அந்தக் குரலையே வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு படி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். இனிமையான குரல்கள் வேகம் ஏறினால் குழறிவிடும், இந்த ஜலதோஷக்காரர் குழறவே மாட்டார். என் மெஷின் ஓடும் வேகத்தில் மற்றவர்களுக்கு அது பேச்சு என்றே தெரியாது, ஏதோ கெட்டுப்போய்க் கத்துகிறது என்று நினைப்பார்கள். கன்ட்ரோல் விசையை ஒரு தட்டுத் தட்டினால் வாயை மூடிக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் அந்த வசதி கிடையாது.

இன்னொரு வசதி, திரையையே இருட்டாக்கிவிடலாம். மெஷின் ஓடும், குரல் கேட்கும், திரையில் மட்டும் ஒன்றும் தெரியாது. பின்னால் நின்று படிக்கிறவர்களின் தொல்லைக்கு இது கைகண்ட மருந்து. நான் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்த ஒரு நாள், புதிதாக மாற்றலாகி வந்திருந்த எங்கள் அதிகாரி அந்தப் பக்கம் வந்தார். கறுத்துப் போன திரைக்கு முன்னால் ஒரு பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், மெஷின் நின்றுபோனதுகூடத் தெரியாமல் அடித்துக்கொண்டிருக்கிறாளே என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சர்வீஸ்காரரை வரவழைத்தார். அந்த ஆள் வந்ததும் வராததுமாக மெஷினின் கரன்ட் ஒயரைப் பிடுங்கினார். அரைமணி நேரமாக எழுதிய குறிப்பு காதிலிருந்து அப்படியே காணாமல் போயிற்று.

நல்லவேளை, நான் எழுதுவது லிப்ரே ஆபீஸ் என்னும் இன்னோர் ஓசி மென்பொருளில். சில நிமிடங்களுக்கு ஒரு முறை தானாகவே ஒரு பிரதி எடுத்து வைக்கும்படி அதில் சொல்லி வைக்கலாம், நான் சொல்லி வைத்திருந்தேன். மறுபடி திறந்ததும் கடைசி இரண்டு வரி தவிர எல்லாம் திரும்பி வந்தது. அதிகாரிக்கு ஒரே சந்தோஷம், சர்வீஸ்காரர் நன்றாகச் சரிசெய்துவிட்டார் என்று பாராட்டினார். லிப்ரே ஆபீஸில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். தலைப்பைக் கை வலிக்க ஸ்பேஸ் தட்டி நடுவுக்குத் தள்ளாதீர்கள். கன்ட்ரோலோடு ஒன்றைத் தட்டினால் அது தலைப்பு என்று மெஷினுக்கே தெரிந்துவிடும், பிறகு எஃப் ஐந்தைத் தட்டினால் எல்லாத் தலைப்பும் வரிசையாக வந்து நிற்கும். இதை எங்கள் பிரிவில் பலமுறை சொல்லிவிட்டேன். இன்றைக்கும் பக்கத்து மேசையிலிருந்து ஸ்பேஸ் விசை தடதடவென்று கேட்கிறது.

வீட்டிலிருந்து அலுவலகம் வர நான் வைத்திருப்பது போனில் பேசி வழி சொல்லும் ஆஸ்மாண்ட் என்னும் வரைபடம். வீட்டு வைஃபையில் ஒரு தடவை ஊர் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் போதும், அப்புறம் நெட் தேவையில்லை. கடற்கரைப் பக்கத்துத் தெருக்களின் பிரெஞ்சுப் பெயர்களை மட்டும் அது கடித்துத் துப்பும். ஒரு நாள் காலையில் என் போன் அப்படி ஒரு பெயரைச் சொன்னதைக் கேட்டு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய் ஒருவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள், என்னை நிறுத்தி, பிரெஞ்சுக்காரர்கள் அதை எப்படிச் சொல்வார்கள் என்று என் போனுக்குப் பாடம் எடுத்தார். நான் நேரமாகிறது என்றேன். அவர் போனைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லிக் காட்டிவிட்டுத்தான் வழிவிட்டார்.

இப்படி ஆளுக்கு ஒரு விதமாக இடைஞ்சல் செய்தாலும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் அலுவலகத்தின் வழக்கத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். சுற்றறிக்கையைக் கம்ப்யூட்டரில்தான் அடிப்பார்கள். அதைப் பிரிண்ட் எடுப்பார்கள். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்புவார்கள். வந்ததும் எல்லோரும் மறுபடி பிரிண்ட் எடுப்பார்கள். எழுத்தாகப் பிறந்தது படமாகிப் போனதால் என்விடிஏ அதைத் திறந்து பார்த்துவிட்டு இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும். அதற்காக டெசராக்ட் என்று ஒன்று வைத்திருக்கிறேன். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும், தமிழும் ஓரளவு படிக்கும். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் செய்தால் நன்றாகப் படிக்கும். சீல் விழுந்த இடத்தில் உளறும், அதை நானே ஊகித்துக்கொள்வேன்.

பிறகுதான் புதிய கோப்பு முறை வந்தது. இனிமேல் காகிதமே கிடையாது, எல்லாக் கோப்பும் கம்ப்யூட்டரில்தான் நகரும் என்றார்கள். ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் நான்தான், காகிதத்தால் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. முதல் நாள் காலையில் அதைத் திறந்து, இன்சர்ட் விசையோடு எஃப் ஏழைத் தட்டினேன். அந்தப் பக்கத்தில் இருக்கும் பட்டன்களின் வரிசை வரும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். பட்டன் என்றது குரல். கீழே போனேன். பட்டன் என்றது. அதற்குக் கீழேயும் பட்டன். கடைசிவரை பட்டன், பட்டன், பட்டன். ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. கண் தெரிந்தவர்களுக்குச் சின்னச் சின்னப் படங்களாகப் போட்டிருந்தார்கள், பார்க்க மிக அழகாக இருந்ததாம்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். பெயர் வைப்பது இந்த ஒப்பந்தத்தில் வராது, தனியாக ஆர்டர் போட வேண்டும் என்றார்கள். அதிகாரியிடம் போனேன். அவர் எதையும் மறுப்பவர் அல்ல, எல்லாவற்றையும் இரக்கத்தோடு மட்டும்தான் செய்வார்.

"உங்களுக்கு எதுக்குமா இந்தக் கஷ்டம்? ஒண்ணாந்தேதியிலேருந்து முன்னாடி டெலிபோன்கிட்ட உக்காந்துக்கோங்க. காரைக்கால் ஆபீஸ்ல உங்கள மாதிரி ஒருத்தரு அப்படித்தான் இருக்காரு. நிம்மதியா இருக்காரு."

அந்த டெலிபோனை நான் அறிவேன். வாசலுக்கு உள்ளே ஒரு மேசையில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு செல்போன் வந்த பிறகு அதில் பேசுகிறவர்கள் யாரும் இல்லை. அடித்தால் ராங் நம்பராக இருக்கும், அடிக்காதபோது அந்த மேசையில் சாப்பாட்டுப் பை வைப்பார்கள். அங்கே உட்கார்ந்தால் சம்பளம் குறையாது, படி குறையாது, ஓய்வு பெறும்வரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மற்றவர்களோடு அதே பரீட்சையை எழுதித் தேறி வந்தவள் நான். என் குறிப்புகளில் மேலிடம் திருத்தம் போட்டது அபூர்வம். அன்று எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனுஷியை அவமானப்படுத்தாமலே, சம்பளத்தோடு, நாற்காலியோடு, விசிறிக் காற்றோடு இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

காரைக்கால்காரரின் நம்பரை வாங்கிப் பேசினேன். நல்ல குரல். நன்றாகத்தான் இருக்கிறேன் மேடம் என்றார். வரலாற்றில் எம்.ஏ. படித்தவர். பல வருடமாக அந்த மேசையில் இருக்கிறாராம். முதலில் வேலை கேட்டுப் பார்த்தாராம், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாராம். மணி அடித்தால் சந்தோஷமாக இருக்கும், ராங் நம்பராக இருந்தாலும் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் வைப்பேன் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்விடிஏ வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்ளும் மின்னஞ்சல் குழு ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தைச் சேமித்து இணைத்து, அதில் என் தலைவிதியை எழுதிப் போட்டேன். கம்பெனிக்கு ஆர்டர் தேவைப்பட்டது, இவர்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. நான் மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒருவர் பதில் போட்டிருந்தார். வெளியே பெயர் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ளே ஓர் அடையாளம் இருக்கும், அதை வைத்து நாமே பெயர் சூட்டிக்கொள்ளலாம் என்றார். பயர்பாக்ஸ் உலாவியில் சேர்க்க ஒரு சின்ன நீட்சி, அதற்குள் பட்டனுக்கு ஒரு வரியாக ஒரு நிரல், எல்லாம் அவரே எழுதி அனுப்பியிருந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். எந்தப் பட்டன் எதைச் செய்யும் என்று உங்கள் அலுவலகத்தில் கண் தெரிந்தவர் யாரையாவது கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தார். பாவம், அவருக்கு எங்கள் அலுவலகத்தைத் தெரியாது.

பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். என்னைவிட இளையவள், அக்கா அக்கா என்று பிரியமாக இருப்பவள். ஒவ்வொரு பட்டனாகச் சொல்லச் சொன்னேன்.

"ஒண்ணு வீடு மாதிரி இருக்குக்கா. ஒண்ணு அம்பு. இன்னோரு அம்பு, வளஞ்சிருக்கு. இது குடையா? இல்லக்கா, காளான் மாதிரி இருக்கு."

"அத அமுக்குனா என்ன ஆவும்?"

"தெரிலக்கா. நான் அமுக்குனதே இல்ல. எனக்கு மேல மூணாவது மட்டுந்தான் தெரியும். அத அமுக்குனா பைல் போயிடும்."

பிரிவு முழுக்கக் கேட்டுவிட்டேன். எல்லோருக்கும் மேலே மூன்றாவதுதான். முதல் நாள் பயிற்சிக்குப் போய்வந்த ஒருவர் மற்றவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறார், அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், மந்திரம் மாதிரி அலுவலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற ஒருவரும் அந்தப் படம் என்ன என்று பார்க்கவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பட்டன் தெரியவில்லை என்பதற்காக என்னை டெலிபோனுக்கு அனுப்புகிறவர்களுக்கும் பட்டன் தெரியவில்லை.

கம்பெனி பயிற்சிக்கென்று ஒரு பக்கம் கொடுத்திருந்தது. அதில் பொய்க் கோப்புகள் இருந்தன, எதை அனுப்பினாலும் யாருக்கும் போகாது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, என்ன ஆகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடித்தேன். மேலதிகாரிக்கு அனுப்பு, வந்த இடத்துக்கே திருப்பு, குறிப்பைச் சேர், கோப்பை மூடு என்று நல்ல தமிழில் பெயர் வைத்தேன். அந்தக் காளான் எத்தனை தடவை அமுக்கியும் ஒன்றும் செய்யவில்லை. அதற்குச் சும்மா என்று பெயர் வைத்தேன். அதே வார இறுதிக்குள் என் மேசையில் கோப்பு தேங்குவது நின்றுவிட்டது.

அதிகாரியிடம் போய் இனி டெலிபோன் தேவையில்லை என்று சொன்னேன். அவருடைய இரக்கம் அவ்வளவு சீக்கிரம் கைவிடுகிற ரகம் அல்ல. இது எங்கிருந்து வந்தது, யார் அனுமதித்தது, ஓசியில் வந்ததில் வைரஸ் இருக்கும், பென் டிரைவே குத்தக் கூடாது, அலுவலகத்தின் பாதுகாப்பு என்ன ஆவது என்று அடுக்கினார். அவருடைய பாஸ்வேர்ட் என்ன என்று யாராவது கேட்டால் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்திச் சொல்வார்கள், அது எனக்கே மனப்பாடம். அதை நான் அங்கே சொல்லவில்லை. ஒண்ணாந்தேதிக்கான உத்தரவு தட்டச்சாகிக் கையெழுத்துக்குப் போய்விட்டது என்று பக்கத்து மேசைப் பெண் மெதுவாக வந்து சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் கம்பெனி பக்கத்தை இன்னும் அழகுபடுத்தியது. அழகுபடுத்தும்போது பட்டன்களை இடம் மாற்றி வைத்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. வழக்கம் போல எல்லோரும் மேலே மூன்றாவதை அமுக்கினார்கள். அங்கே இப்போது இருந்தது வந்த இடத்துக்கே திருப்பு என்று நான் பெயர் வைத்த பட்டன். காரைக்கால், மாஹே, ஏனாம் என்று எங்கெங்கிருந்தோ மாதக்கணக்காக நகர்ந்து வந்த கோப்புகள் எல்லாம் மதியத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. பிறகு முன்னால் இருந்த அந்த டெலிபோன் ஓயாமல் அடித்தது. தமிழில் திட்டு வாங்கியது போதாமல் மலையாளத்திலும் தெலுங்கிலும் வாங்கினோம்.

மாலையில் கணக்கெடுத்தபோது பிரிவில் ஒரு மேசையிலிருந்து போன கோப்புகள் மட்டும் போகவேண்டிய இடத்துக்குப் போயிருந்தன. பட்டன் எங்கே இடம் மாறினாலும் அதன் உள் அடையாளம் மாறவில்லை, அதனால் நான் வைத்த பெயரும் அதோடு சேர்ந்து போயிருந்தது. அதிகாரி என் மேசைக்கு வந்து நின்றார். எப்படிம்மா என்று கேட்டார்.

"நான் எடத்த வெச்சு அமுக்கல சார். பேர கேட்டு அமுக்குறேன்."

உங்க மெஷின்ல இருக்கறத எல்லாருக்கும் போட்டுக் குடுத்துடுங்கம்மா என்றார். போட்டுக் கொடுத்தேன். மவுஸை மேலே வைத்தால் பட்டனின் பெயர் வந்தது, கண் தெரிந்தவர்கள் அப்போதுதான் படிக்க ஆரம்பித்தார்கள். அவருடைய மெஷினில் நான் பென் டிரைவைக் குத்தியபோது அவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசவில்லை. உத்தரவில் கையெழுத்து விழவில்லை. அது ரத்தானதாக எனக்கு யாரும் சொல்லவும் இல்லை, ஒண்ணாந்தேதி வந்தது, நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன், யாரும் எழுப்பவில்லை.

அந்த நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று குழுவில் போட்டிருந்தேன். கட்டற்ற மென்பொருளின் தர்மம் அது. முதலில் எடுத்துக்கொண்டது அந்தக் கம்பெனிதான். அடுத்த பதிப்பில் எல்லாப் பட்டனுக்கும் பெயர் இருந்தது, எல்லாம் நான் வைத்த பெயர்கள், சும்மா உட்பட. மாற்றுத்திறனாளிகளுக்கான புதிய வசதி என்று அதற்கு ஒரு விழா நடத்தி, கம்பெனிக்காரருக்கு எங்கள் அதிகாரி பொன்னாடை போர்த்தினார். என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, பயன்பெற்றவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். தர்மமெல்லாம் இருக்கட்டும், எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கைதட்டும்போது நான் தட்டவில்லை.

விழா முடிந்து சில வாரம் இருக்கும். அலுவலக நேரத்தில் காரைக்கால்காரர் என் செல்லுக்குக் கூப்பிட்டார். புதிய பதிப்பு அவர்கள் அலுவலகத்துக்கும் போயிருந்தது. அவரே என்விடிஏவைப் போட்டுக்கொண்டு அதிகாரியிடம் பேசி, பட்டன்களைப் படித்துக் காட்டி, பிரிவில் ஒரு மேசை வாங்கியிருந்தார். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார்.

"இன்னிக்கு எங்க ஆபீஸ்ல போன் அடிச்சுது மேடம். நான் எடுக்கல. பைல் பாத்துட்டிருந்தேன்."

யார் எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் எடுக்கல மேடம். அடிச்சு அடிச்சு அதுவா நின்னுடுச்சு."